சர்வதேசத் தரத்தில் ஒரு கக்கூசுப் பலகை

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லிவைத்த மகராசன், கழகத்துப் பணத்தில் ஒரு கக்கூசைக் கட்டி அதைத் திறந்தும் பார் என்று சேர்த்துச் சொல்லாமல் போய்விட்டான். சொல்லியிருந்தால் நீலாவதி கொஞ்சம் முன்கூட்டியே சுதாரித்திருப்பாள்.

விருத்தாசலம் பீங்கான் பேட்டை ஊர் உலகத்துக்கெல்லாம் கக்கூசுக் கோப்பை செய்து அனுப்புகிற இடம். திட்டக்குடியில் புதுவீடு கட்டுகிறவனுக்கும் இங்கிருந்துதான் போகும், கேரளாக்காரனுக்கும் இங்கிருந்துதான் போகும். வைக்கோல் சுற்றி, லாரியில் அடுக்கி, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி அனுப்புவார்கள். அந்தக் கோப்பைகளைத் துடைத்து, தேய்த்து, அடுக்குகிற பெண்கள் மட்டும் தண்டவாளத்தை ஒட்டிய சீமைக் கருவேலங்காட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். அதுவும் ரயில் வராத நேரம் பார்த்து, நாலு பேர் சேர்ந்து, ஒருத்தி காவல் நின்று.

நீலாவதிக்கு மின்சாரப் பியூஸ் கட்டைகளை, பளபளப்பு ஏற்றுகிற கிளேஸ் கரைசலில் முக்கி எடுக்கிற வேலை. காலையில் வேப்பூர் பஸ்ஸில் வந்து இறங்கினால் சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால் போக வேண்டும், போனால் முள். இப்படியே வருஷக் கணக்கில் அடக்கி அடக்கி, கடைசியில் அடிவயிற்றில் எரிச்சலும் காய்ச்சலுமாகப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் நின்றாள். டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, “மாத்திரை ரெண்டாம்பட்சம். தண்ணி குடிக்கணும். நெறையக் குடிக்கணும். இல்லன்னா கிட்னிக்குப் போயிடும்” என்றார்.

“குடிக்கலாங்கம்மா. அப்பறம் எங்க போறதுங்க?” என்று நீலாவதி கேட்டாள். அதற்கு டாக்டரம்மாவிடம் மாத்திரை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பீங்கான் பேட்டை மேம்பாட்டுக் கழகம் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டி முடித்தது. இரண்டு அறை, நீலக் கதவு, மேலே தண்ணீர்த் தொட்டி. உள்ளே பதித்த கோப்பைகள் இதே பேட்டையில், அச்சுக்காரர் அர்ச்சுனன் கொட்டகையில் வார்த்தவை. குழாயைத் திருப்பினால் தண்ணீர் வந்தது. இதைவிட என்ன வேண்டும்? பெண்கள் எல்லாரும் சேர்ந்து வாசலில் கோலமே போட்டுவிட்டார்கள். மறுநாள் வந்து பார்த்தால் கதவில் ஆட்டுக்குட்டி அளவுக்கு ஒரு பூட்டு.

சாவி கழகத்தின் செயலாளர் தர்மராஜிடம் இருந்தது. அவர் ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். தினம் டவுன் பஸ்ஸில் இடிபட்டு வந்து இடிபட்டுப் போகிறவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது, நல்லவராக இருப்பதற்குத் தெம்பு இல்லாதவர்.

“ஏங்க சார், கட்டியாச்சு, தண்ணியும் வருது. பூட்டு எதுக்குங்க?” என்று நீலாவதி கேட்டாள்.

“பலகை வரலம்மா.”

“என்ன பலகைங்க?”

“பெண்கள்னு கதவு பக்கத்துல ஒரு பலகை இருக்கணும். பலகை இல்லாம எதையும் தொறக்கக் கூடாதுன்னு புதுசா உத்தரவு. பலகைக்கு வடிவமைப்புப் பிரிவு ஒப்புதல் தரணும். என் கையில என்னம்மா இருக்குது? சாவிதான் இருக்குது.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும் என்பது பழைய சங்கதி. இங்கே சாமியும் கொடுத்துவிட்டது, பூசாரியும் கொடுத்துவிட்டார், கோயில் வாசலில் போர்டு எழுதுகிறவர்தான் பாக்கி.

வடிவமைப்புப் பிரிவு என்பது அன்புச்செல்வன் என்கிற ஒரே ஒரு இயக்குநரும், அவருடைய குளிர்சாதன அறையும், அந்த அறையில் ஒரு கம்ப்யூட்டரும். கழகத்தின் செலவில் அவர் இரண்டு வாரம் சுவிட்சர்லாந்து போய்வந்தார். பீங்கான் சூளை பார்க்கத்தான் அனுப்பினார்கள். போன இடத்தில் ரயில் நிலையத்துப் பலகையைப் பார்த்து மனசைப் பறிகொடுத்துவிட்டார். சிலபேர் வெளிநாடு போனால் குடிக்கக் கற்றுக்கொண்டு வருவார்கள், சிலபேர் வேறு மதத்துக்கு மாறி வருவார்கள். இவர் எழுத்துக்கு மாறி வந்தார். திரும்பி வந்த நாள் முதல் வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட்டு. மேசையில் ஒரு காகிதம்கூடக் கிடையாது, காகிதம் இருந்தால் கண்ணுக்கு இரைச்சலாம்.

அந்த அறைக்குள் போய்க் கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை. தேய்ப்புப் பிரிவில் இருக்கிற கமலம்தான் வேறு வழி கண்டுபிடித்தாள். கமலம் நீலாவதிக்கு அஞ்சாறு வயது மூத்தவள், வாய் நீளம்.

“பலகைதானடி கேக்குறாங்க? எழுதிட்டாப் போச்சு” என்றாள். ஜாடிக்குப் பூப்போடுகிற நீலக் குழம்பில் தூரிகையை முக்கி, கழிப்பறைச் சுவரில் ‘பொம்பளைங்க’ என்று முழ அகலத்துக்கு எழுதினாள். கீழே ஒரு பூவும் போட்டாள். பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரிந்தது.

அன்றைக்கு மத்தியானமே அன்புச்செல்வன் காமிராவோடு வந்துவிட்டார். சுவரை இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் படம் எடுத்தார். சாவு விழுந்த வீட்டில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“யார் எழுதியது?”

“நான்தாங்க” என்றாள் கமலம். “நல்லாத் தெரியுதுங்களா?”

“தெரிகிறது. அதுதான் பிரச்சினையே. எழுத்து இப்படி ஓடிவந்து கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. எழுத்துக்கு வால் இருக்கிறது, கால் இருக்கிறது, பூ இருக்கிறது. ஐரோப்பாவில் இதையெல்லாம் ஒழித்து அரை நூற்றாண்டு ஆகிறது. நாம் இன்னும் எழுத்தை மக்கள் படிப்பதற்காகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.”

சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. கமலத்துக்கு ஒரு மெமோ வந்தது. அங்கீகாரமற்ற எழுத்தைப் பொது இடத்தில் வெளியிட்டதாக அதில் இருந்தது. அதை நீலாவதியிடம் படித்துக் காட்டிவிட்டு, “கும்பி கூழுக்கு அழுவுதாம், கொண்டை பூவுக்கு அழுவுதாம்” என்று கமலம் சொன்னாள். நீலாவதிக்குச் சிரிக்கக்கூடப் பயமாக இருந்தது, சிரித்தால் அடக்க முடியாது.

இதற்கப்புறம் பலகைக்கென்று ஒரு குழு போட்டார்கள். குழுவில் பயன்படுத்துவோர் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. எழுதப் படிக்கத் தெரிந்தவள், எதிர்த்துப் பேசாதவள் என்று பார்த்து நீலாவதியைத் தர்மராஜ் சேர்த்துவிட்டார்.

கூட்டம் அன்புச்செல்வன் அறையில் நடந்தது. நீலாவதி புடவையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். குளிர் எலும்பில் ஏறியது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்தார்கள். அவள் அதைப் பார்த்தாள். தொடவில்லை.

சுவரில் படம் காட்டி அன்புச்செல்வன் பேசினார்.

“நண்பர்களே, இருபதாம் நூற்றாண்டில் மனிதன் நிலவுக்குப் போனான் என்கிறார்கள். அது சின்ன விஷயம். 1957-ல் சுவிட்சர்லாந்தில் ஓர் எழுத்துரு பிறந்தது. ஹெல்வெட்டிகா. வால் இல்லை, ஆடம்பரம் இல்லை. எந்த நாட்டில் வைத்தாலும் அந்த நாட்டைப் போலவே இருக்காது. அதற்கும் முன்னால் ஜெர்மனியில் ஒரு கலைப்பள்ளியில் கேப்பிடல் என்கிற பெரிய எழுத்துகளையே வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். தமிழில் பெரிய எழுத்தே கிடையாது. அந்த வகையில் நாம் பிறக்கும்போதே நவீனமாகப் பிறந்தவர்கள். பிறகு நாமே கெடுத்துக்கொண்டோம்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். ஏசியின் முன் உட்கார்ந்தால் தலை தானாக ஆடும்.

“சுவிட்சர்லாந்தில் நான் பார்த்த பலகைகளைச் சொல்கிறேன். ரயில்வே ஸ்டேஷன் பலகை, ஆஸ்பத்திரிப் பலகை, மியூசியம் பலகை. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மணி நேரம் நின்றேன். எந்த இடத்திலும் பலகையைத் தாண்டி உள்ளே போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் நல்ல பலகையின் இலக்கணம்.”

அடுத்து பொம்மைக்கு வந்தார்கள். வட்டமாக ஒரு தலை, கீழே முக்கோணமாக உடம்பு, இரண்டு கால். பயன்படுத்துவோர் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தர்மராஜ் கண்ணைக் காட்டினார்.

“இது யாருங்க சார்?” என்றாள் நீலாவதி.

“பெண்.”

“கவுன் போட்டிருக்குதே. பேட்டையில யாருங்க கவுன் போடுறா? நைட்டின்னாலும் வாசல் தெளிக்கையில போடுவோம், அதோட சரி.”

“அது கவுன் இல்லை. முக்கோணம்.”

“கழுத்தக் காணமேங்க?”

“தலையும் உடம்பும் ஒட்டக் கூடாது. அதுதான் சர்வதேச முறை” என்றார் அன்புச்செல்வன். தலையும் உடம்பும் ஒட்டாமல் இருப்பது அவருக்கு இயல்பாகவே பட்டிருக்க வேண்டும்.

பிறகு ‘பெண்கள்’ என்பதில் சுழி அதிகம், கட்டத்துக்குள் அடங்க மாட்டேன் என்கிறது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். சுழியைக் குறைத்துக்கொள்ள மேலிடத்தில் அனுமதி கேட்கலாமா என்று ஒருவர் கேட்க, அது தனிக் குழுவுக்குப் போயிற்று. நடுநடுவே ஒவ்வொருவராக எழுந்து, அறையின் மூலையில் இருந்த கதவைத் திறந்து உள்ளே போய்விட்டு, கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கக் கேட்க நீலாவதிக்கு உயிர் போயிற்று.

“சார், அந்தக் கதவுல பலகையே இல்லீங்களே?” என்று பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

“அது என் அறை. எனக்குத் தெரியும்.”

“எங்களுதும் எங்களுக்குத் தெரியுங்களே சார்.”

அன்புச்செல்வன் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாம் தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பரிதாபப்படுவார்கள். “அம்மா, தெரிந்து போவது பழக்கம். பலகை பார்த்துப் போவது நாகரிகம். உங்களை இரண்டாவதுக்குக் கொண்டுவரத்தான் இவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கிறோம்.”

கூட்டத்தின் முடிவில் பலகை நாலடிக்கு நாலடி என்று தீர்மானம் ஆனது. எழுத்தும் பொம்மையும் கீழே இடது மூலையில் இருக்கும். மீதி முழுக்க வெள்ளை. ஏன் இவ்வளவு வெள்ளை என்று தர்மராஜ் தயங்கிக் கேட்டார். வெற்றிடம்தான் வடிவமைப்பின் உயிர், அதில் ஒன்றும் எழுதாமல் இருப்பதற்குத்தான் படித்தவர்கள் தேவை என்று பதில் வந்தது. அதைக் குறித்துக்கொண்டார்கள்.

பலகை பீங்கானில்தான் செய்ய வேண்டும், சுட்ட ஓடுகளாகச் செய்து கட்டம் கட்டமாகப் பொருத்த வேண்டும் என்றும் முடிவானது. பேட்டைக்கு அது பொருத்தம்தானே. விவகாரமே அங்கேதான் ஆரம்பித்தது.

இந்தப் பேட்டையின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மண் சூளையில் வெந்தால் சுருங்கும். ஓர் அடி வேண்டுமென்றால் எட்டில் ஒரு பங்கு கூட்டி வார்க்க வேண்டும். பால்குடி மாறாத பிள்ளைக்கும் இங்கே அது தெரியும். தெரிந்து தெரிந்து, எந்த அளவைக் கேட்டாலும் எட்டில் ஒரு பங்கு தானாகக் கூட்டிக்கொள்வது ரத்தத்தில் ஊறிவிட்டது. கல்யாணத்துக்குச் சமையல்காரர் பத்துப் படி அரிசி என்றால் இவர்கள் வாங்குவது பதினோரு படிக்கு மேல் இருக்கும். ஜாக்கெட்டுத் துணியும் அப்படித்தான்.

அன்புச்செல்வன் வரைபடம் போட்டபோது சுருக்கத்துக்குச் சேர்த்தே போட்டார். அவரும் பேட்டைக்காரர்தானே. தர்மராஜ் அதை ஆர்டராகத் தட்டச்சு செய்யச் சொன்னபோது, வெளிநாடு போய்வந்தவருக்குச் சுருக்கம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று எட்டில் ஒரு பங்கு கூட்டினார். ஆர்டரை வாங்கிய அர்ச்சுனன், ஆபீஸ்காரனுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று தன் பங்குக்குக் கூட்டி அச்சு வெட்டினார். ஓடு வார்த்த ஆள், அர்ச்சுனன் வயசாளி, கை தவறியிருப்பார் என்று அச்சின் ஓரத்தில் மரச்சட்டம் வைத்து, ஒன்றுக்கு இரண்டாக எட்டில் இரண்டு பங்கு அகலப்படுத்தினான். ஒருத்தரும் வாயைத் திறந்து அடுத்தவரைக் கேட்கவில்லை. கேட்டால் தனக்குச் சுருக்கம் தெரியாது என்று நினைத்துவிடுவார்களே.

சூளை ஒரே ஒரு தடவைதான் சுருக்கியது. பொருத்திப் பார்த்தால் பலகை ஆளை விட உயரம்.

எழுத்தும் பொம்மையும் மட்டும் சென்னையிலிருந்து ஒட்டுத்தாளாக அச்சடித்து வந்தன. சென்னைக்காரர்களுக்குச் சுருக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆகையால் அவை சொன்ன அளவில் வந்தன. ஆறடிக்கு மேல் வெள்ளை, மூலையில் முழங்கை நீளத்துக்கு ஒரு முக்கோணப் பெண்ணும், பக்கத்தில் பொடி எழுத்தும். அன்புச்செல்வனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நான் நினைத்ததைவிட வெற்றிடம் அதிகமாகக் கிடைத்திருக்கிறது” என்றார்.

“சார், செவுரே ஆறடிதான் இருக்குது. இத மாட்டுனா கதவு மறைஞ்சிடுங்க” என்றார் தர்மராஜ்.

நீலாவதி அப்போது பக்கத்தில்தான் நின்றாள். “வேற சின்னதாச் செஞ்சுக்கலாங்களே சார். இல்லன்னா ஒரு அட்டையில எழுதித் தொங்க வுடுங்க. நான் கும்புட்டுக் கேக்குறங்க” என்றாள். கையையும் கூப்பினாள். டாக்டரம்மா கொடுத்த மாத்திரை தீர்ந்து, மறுபடி காய்ச்சல் ஆரம்பித்திருந்த சமயம் அது.

அன்புச்செல்வன் யோசித்தார். பலகையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கட்டடத்தையும் சுற்றி நடந்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்.

“பலகை தரத்தின்படி இருக்கிறது. கட்டடம்தான் இல்லை.”

செருப்புக்கேற்றபடி காலை வெட்டுகிறவர்களைப் பற்றி ஊரில் சொல்வார்கள். அவர்களைக் கண்ணால் பார்க்கிற பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்காது. முன்சுவரைக் கதவோடு இடித்தார்கள். முன்சுவர் போனதும் கூரை நிற்காது என்று கூரையை இறக்கினார்கள். கூரை போனதும் தொட்டி நிற்காது என்று அதையும் இறக்கினார்கள். கோப்பைகள் உடைந்துவிடக் கூடாதே என்கிற அக்கறையில் பெயர்த்தெடுத்து, வைக்கோல் சுற்றிக் கிடங்கில் வைத்தார்கள். பக்கச் சுவர்கள் மட்டும் இடுப்பு உயரத்துக்கு நின்றன. அதையும் இடிப்பதற்குள் கூலியாட்களுக்கு வேலை நேரம் முடிந்துவிட்டது. இடித்த முன்சுவரின் இடத்தில் பலகைக்கென்று கெட்டியாக ஒரு செங்கல் சுவர் எழுப்பி, ஓடுகளைப் பதித்தார்கள். கழிப்பறை இரண்டாம் கட்டத்தில் வரும் என்றார் தர்மராஜ். சொல்லும்போது நீலாவதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

நீலாவதி கிளேஸ் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். இவ்வளவு நாள் கைக்கெட்டுகிற தூரத்தில் பூட்டியாவது கிடந்தது. இப்போது அதுவும் இல்லை. அவளுக்கு அந்த அன்புச்செல்வனைப் பிடித்துக் கிளேஸில் ஒரு முக்கு முக்கிச் சூளையில் வைத்துவிடலாம் போல ஆத்திரமாக வந்தது.

“அழுவுடி, நல்லா அழுவு. கண்ணு வழியாவது கொஞ்சம் தண்ணி எறங்கட்டும்” என்றாள் கமலம்.

பலகைத் திறப்பு விழா விமரிசையாக நடந்தது. ரிப்பன் கட்டினார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள். ரிப்பனை வெட்டியதும் எல்லாரும் கைதட்டிவிட்டு, அடுத்தது என்ன செய்வதென்று தெரியாமல் பலகையைப் பார்த்தபடி நின்றார்கள். பின்னர் பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள். பெண்கள் யாரும் டீ குடிக்கவில்லை.

விழா முடிந்த மறுநாள் கமலம்தான் முதலில் அதைக் கவனித்தாள். முன்னால் ஆறடிக்கு மேல் கெட்டிச் சுவர். இரண்டு பக்கமும் இடுப்பு உயரம், ஓரத்தில் ஓர் ஆள் நுழைகிற இடைவெளி. பின்னால் காம்பவுண்டு. கருவேலங்காட்டைவிட இது எவ்வளவோ மேல், முள் இல்லை, ரயிலும் இல்லை. ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முடித்துவிட்டு வெளியே வந்து, “மறைவாத்தாண்டி இருக்குது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலப்பாடு” என்றாள்.

அதன்பிறகு பெண்கள் முறைவைத்துக்கொண்டு பலகைக்குப் பின்னால் போய்வந்தார்கள். போய்விட்டு மண்ணைத் தள்ளி மூடினார்கள். மழை வந்தால் நனைந்தார்கள். நீலாவதிக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. கோப்பை வார்க்கிற ஊரில், கோப்பையைப் பெயர்த்த குழியில் உட்கார வேண்டியிருக்கிறதே என்று கூச்சமும் கோபமுமாக இருந்தது. ஆனாலும் மத்தியானச் சோற்றோடு அரை சொம்பு தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். எரிச்சல் கொஞ்சம் குறைந்தது. உடம்புக்கு மானம் மரியாதை தெரியாது, தண்ணீர்தான் தெரியும்.

இந்த வண்டவாளமெல்லாம் அன்புச்செல்வனுக்குத் தெரியாது. அவர் பலகையை முன்பக்கமிருந்து மட்டுமே பார்ப்பார். பலகையைப் படம் பிடித்து ஏதோ ஒரு சர்வதேசப் போட்டிக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்து பதில் வந்தது. இவ்வளவு துணிச்சலான வெற்றிடத்தைத் தாங்கள் கண்டதில்லை என்றும், பரிசு தருவதற்குமுன் நேரில் பார்க்க நடுவர் ஒருவர் வருகிறார் என்றும் எழுதியிருந்தார்கள். பேட்டையே அல்லோலகல்லோலப்பட்டது. சாலைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அன்றைக்குப் பெண்கள் யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது, பலகையின் முன்னால் கண்ணுக்கு இரைச்சலாக இருக்கும் என்று வாய்மொழி உத்தரவு.

நடுவர் பதினோரு மணிக்கு வரவேண்டும். மணி ஒன்று ஆயிற்று. வேப்பூர் கிட்டே லாரி கவிழ்ந்து ரோட்டில் அடைப்பு என்று போன் வந்தது. இனி எங்கே வரப்போகிறார்கள் என்று நீலாவதி சொம்பை எடுத்துக்கொண்டு நழுவிப் பலகைக்குப் பின்னால் போனாள். அவள் குந்தவும், முன்னால் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

எழுந்து ஓடினால் எல்லார் கண்ணிலும் படுவாள். பாதியில் விட்டுவிட்டு ஓடுகிற காரியமும் இல்லை. அப்படியே ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள். செருப்புச் சத்தமும், மாலை போடுகிற சலசலப்பும் கேட்டன. வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. மார்த்தா அம்மையார் என்று தர்மராஜ் மைக்கில் அறிமுகம் செய்தார்.

அன்புச்செல்வன் பேச ஆரம்பித்தார். பத்திரிகைக்காரர்களுக்காகத் தமிழில் கொஞ்சம், அம்மையாருக்காக ஆங்கிலத்தில் கொஞ்சம்.

“இந்தப் பலகை எதையும் விற்கவில்லை. எதையும் கெஞ்சவில்லை. இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். பின்னால் ஒன்றும் இல்லை. இருந்தால் பலகைக்கு அது கவனச்சிதறல்.”

நீலாவதி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“சாதாரணப் பலகை மனிதனின் தேவைக்குப் பணிந்து நிற்கும். இது பணியாது. இதைப் பார்க்கிறவர் தன் தேவையை மறக்க வேண்டும்.”

அப்போது அந்த அம்மாள் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அன்புச்செல்வனின் பேச்சு நின்றது. மறுபடியும் ஏதோ சொன்னாள், இந்தத் தடவை கொஞ்சம் அவசரமாக.

“தர்மராஜ், அம்மையார் வழியில் மூன்று இளநீர் குடித்திருக்கிறார்களாம். உடனே டாய்லெட் போக வேண்டுமாம்” என்று அன்புச்செல்வன் கிசுகிசுத்தது சுவரைத் தாண்டிக் கேட்டது.

“உங்க ரூமுக்கு அழைச்சிட்டுப் போலாங்களே சார்.”

“அதைப் பூட்டிவிட்டேன். கூட்டத்தில் கண்டவர்களும் போய்விடுவார்கள் என்று சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.”

“அப்படின்னா ஜங்ஷன் பக்கம் லாட்ஜுக்குத்தான் போவணும். கால் மணி நேரம் ஆவுங்க.”

அந்த அம்மாள் அதற்குள் ஏதோ சொல்லிவிட்டாள். சந்தோஷமாகச் சொன்னதுபோல இருந்தது. செருப்புச் சத்தம் பலகையை நோக்கி வேகமாக வந்தது. “மேடம்! நோ மேடம்! பலகை மட்டும்தான் மேடம்! ஒன்லி போர்டு!” என்று அன்புச்செல்வன் பின்னாலேயே கத்தினார். யார் கேட்டார்கள்? ஆயுசெல்லாம் எழுத்தையும் பொம்மையையும் நம்பியே பிழைத்த மனுஷி. முக்கோணப் பெண்ணைப் பார்த்தாள், நம்பினாள், நடந்தாள்.

சுவர் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது. அறுபது வயதிருக்கும். கழுத்தில் சாமந்தி மாலை, வெயிலில் சிவந்த முகம். நீலாவதி புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். அந்த அம்மாள் கதவைத் தேடினாள், கூரையைத் தேடினாள், குழியைப் பார்த்தாள், சொம்பைப் பார்த்தாள், கடைசியாக நீலாவதியைப் பார்த்தாள். முகம் என்னவோபோல ஆகிவிட்டது. ஆனால் இளநீர் மூன்று. திரும்பிப் போகிற நிலைமையில் அவள் இல்லை. அந்தத் தவிப்பு என்ன என்று நீலாவதிக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

“வாங்கம்மா” என்று ஒதுங்கி நின்றாள். “அந்தப் பக்கம் கல்லு கெடக்குது. இப்டி வந்து குந்துங்க. யாரும் வர மாட்டாங்க, நான் நிக்கிறேன்.”

மாலையைக் கழற்றி வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, சொம்பை அந்த அம்மாளின் கையில் கொடுத்தாள். பிறகு முன்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“சார்! கொஞ்ச நேரம் நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருங்க! எல்லாரும் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்கட்டும்! நாங்க முடிச்சிட்டு வந்துடுறோம்!”

முன்னால் யாரோ ஒருவர் இருமினார். அப்புறம் மைக் ஒருமுறை கரகரத்தது. அன்புச்செல்வன் தொண்டையைச் செருமிக்கொண்டு, வெற்றிடத்தின் பெருமையை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.